பொருளும் அமானிதம், மானமும் அமானிதம்
(சமூக ஊழியம் செய்வோருக்கு ஒரு பாடம்)

 



ஏழைக்கு உதவ வேண்டும் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஜகாத் எவர்மீது கடமை, எந்தப் பொருளுக்கு எவ்வளவு, எவரெவருக்குச் சேரும் என்னும் மஸ்அலாக்களை ஆண்டுதோறும் ரமலானில் கேட்டு வருகிறோம். ஆனால், உதவியை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அதைச் சுமந்து செல்கிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்னும் பாடத்தை நாம் அதிகம் ஓதுவதில்லை. அந்தப் பாடத்தை நாமே ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டோம். ஆகவே அந்தத் தவறிலிருந்தே தொடங்குகிறோம்.

நாம் செய்த தவறு

நம் அவலூர்பேட்டை பெரிய பட்டணமன்று. ஒருபுறம் செஞ்சி, மறுபுறம் திருவண்ணாமலை. நடுவே நெல்லும் மல்லாட்டையும் விளையும் நிலம். வாரச்சந்தை கூடும் நாளில் மட்டும் சாலையில் நெரிசல் காணும். ஒரு வீட்டில் அடுப்பு எரிகிறதா இல்லையா என்பது அடுத்த வீட்டுக்குத் தெரியும். இங்கிருந்து இளைஞர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கப் போயிருக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், ரமலான் பிறக்க ஒரு வாரம் இருக்கையில், வளைகுடாவில் வேலை செய்யும் நம் பகுதி இளைஞர்கள் சிலர் தங்களுக்குள் பணம் திரட்டி அனுப்பினார்கள். 40 குடும்பங்களுக்கு நோன்பு மாதத்துக்கான அரிசி, பருப்பு, எண்ணெய், பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுக்கச் சொன்னார்கள். நல்ல காரியம். பணத்தோடு ஒரு வேண்டுகோளும் வந்தது. “ஹஜ்ரத், கொடுக்கும்போது போட்டோ எடுத்து அனுப்புங்கள். இங்கே பணம் தந்தவர்கள் பார்க்க வேண்டும்” என்றார்கள். நாமும் சரியென்றோம்.

மதரஸா முற்றத்தில் பைகளை அடுக்கினோம். பின்னால் ஒரு துணிப் பதாகை கட்டப்பட்டது. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்கப்பட்டனர். வரிசையின் கடைசியில் ஒரு விதவைத் தாய் முந்தானையை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். பையை வாங்கும்போதும் தலையைக் குனிந்தே இருந்தார். “முகம் விழவில்லை. கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கம்மா” என்று ஒரு குரல் கேட்டது. அந்தக் குரல் வேறு எவருடையதும் அன்று, நம்முடையதே.

படம் வளைகுடாவுக்குப் போயிற்று. அங்கிருந்து பல குழுக்களுக்குப் பரவி, நம் ஊருக்கே திரும்பி வந்தது.

அடுத்த ரமலானில் 39 பைகள் போய்விட்டன. ஒன்று மட்டும் மிஞ்சியது. அந்தத் தாய் வரவில்லை. நாமே பையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். கதவுக்குப் பின்னால் நின்று அவர் சொன்ன சொற்கள் இவை: “ஹஜ்ரத், நீங்க குடுத்த அரிசி அந்த மாசமே தீர்ந்துபோச்சு. நீங்க எடுத்த போட்டோதான் இன்னும் தீரல.”

விசாரித்த பிறகுதான் தெரிந்தது. பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அவர் மகளிடம், உடன் படிக்கும் பிள்ளைகள் அந்தப் படத்தைக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். அந்தப் பெண் மாலை மக்தபுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். அவள் நின்றதற்கு வீட்டு வேலை காரணமாக இருக்கும் என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தோம்! பையை வாங்க அந்தத் தாய் மறுத்துவிட்டார். நாம் மன்னிப்புக் கேட்டோம். படத்தை நம் செல்போனிலிருந்து அழித்தோம். மற்றவர்களின் செல்போனிலிருந்து அதை எப்படி அழிப்பது?

கிதாபுகள் பல ஓதியிருந்தும் நாம் இடறிவிழுந்த இடம் இதுதான். ஆகவே அந்தக் கிதாபுகளையே மீண்டும் புரட்டிப் பார்க்க நேர்ந்தது.

மார்க்கம் முன்பே சொன்னது

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனம் இடும் கட்டளை. உதவிப் பணி செய்பவர் கையில் ஓர் அமானிதம் மட்டும் இருப்பதாக நாம் எண்ணுகிறோம். அது கொடுத்தவரின் பொருள். ஆனால் இன்னோர் அமானிதமும் அவர் கையில் இருக்கிறது. அது வாங்குகிறவரின் மானம். வீட்டில் அரிசி இல்லை என்பதை அந்தத் தாய் நம்மிடம் சொன்னபோது தம் இரகசியத்தை நம்மிடம் ஒப்படைத்தார். அரிசியை முறையாகச் சேர்த்துவிட்டு இரகசியத்தைத் தெருவில் எறிந்தால், ஓர் அமானிதத்தை நிறைவேற்றி மற்றொன்றில் மோசடி செய்தவர்களாகவே ஆவோம்.

அல்பகரா அத்தியாயத்தின் 264ஆம் வசனம், செய்த தர்மத்தைச் சொல்லிக் காட்டுவதாலும் நோவினை தருவதாலும் அதைப் பாழாக்கிவிட வேண்டாமென ஈமான் கொண்டோரை எச்சரிக்கிறது. சொல்லிக் காட்டுவதற்கு வாய்தான் வேண்டுமென்பதில்லை. ஒரு படம் எத்தனை முறை திறந்து பார்க்கப்படுகிறதோ அத்தனை முறையும் அது சொல்லிக் காட்டிக்கொண்டே இருக்கிறது அல்லவா?

அதே அத்தியாயத்தின் 273ஆம் வசனம் ஒரு கூட்டத்தாரைப் பற்றிப் பேசுகிறது. அவர்கள் தேவையுடையவர்கள், ஆயினும் வற்புறுத்திக் கேட்கமாட்டார்கள். அவர்களுடைய பேணுதலைக் கண்டு, அறியாதவர் அவர்களைச் செல்வர்கள் என்றே எண்ணிக்கொள்வார். உதவிக்கு மிகவும் உரியவர்கள் என்று இறைவன் அடையாளம் காட்டுவது இவர்களைத்தான். படம் எடுக்கும் முற்றத்துக்கு முதலில் வராமற்போகிறவர்களும் இவர்களே! அப்படியானால் நம்முடைய முறை யாரை விலக்கிவைக்கிறது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பேரர் ஹுஸைன் (ரலி) அவர்களின் புதல்வர் இமாம் ஜைனுல் ஆபிதீன் (ரஹ்) அவர்களின் வரலாறு நாமறிந்ததே. மதீனாவில் பல ஏழைக் குடும்பங்களுக்கு இரவில் யாரோ உணவு கொண்டுவந்து வைத்துப் போனார்கள். யார் என்பது எவருக்கும் தெரியாது. இமாம் அவர்கள் வஃபாத்தான பின்பு அந்த உணவு நின்றுபோயிற்று. குளிப்பாட்டியவர்கள் அவர்களுடைய முதுகில் மூட்டை சுமந்த தழும்பைக் கண்டார்கள். அப்போதுதான் மதீனாவாசிகளுக்கு விஷயம் புரிந்தது.

ஃபிக்ஹு சட்டமும் இதே வழியில்தான் செல்கிறது. ஜகாத் நிறைவேறக் கொடுப்பவருக்கு நிய்யத் வேண்டும். ஆனால், “இது ஜகாத்” என்று வாங்குபவரிடம் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனையன்று. அன்பளிப்பென்று சொல்லிக் கொடுத்தாலும், உள்ளத்தில் ஜகாத்தின் நிய்யத் இருந்தால் அது நிறைவேறிவிடும். வாங்குகிறவரின் நெஞ்சு கூசாமல் இருக்க வேண்டும் என்பதில் மார்க்கம் காட்டும் அக்கறை எவ்வளவு நுட்பமானது!

மாறிப்போன உலகம்

முன்னாட்களில் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே தெருவில் இருந்தார்கள். இன்னார் வீட்டில் இன்ன குறை என்பது கொடுப்பவருக்குத் தெரியும். கணக்குக் கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. இன்று கொடுப்பவர் துபாயில், சிங்கப்பூரில், இலண்டனில் இருக்கிறார். பெறுகிறவரை அவர் கண்டதில்லை. இடையில் நிற்பவர் ஜமாஅத் நிர்வாகியோ, ஓர் அறக்கட்டளையோ, நம்மைப் போன்ற ஓர் ஆலிமோதான். ஆகவே, “பணம் போய்ச் சேர்ந்ததா?” என்னும் கேள்வி எழுவது இயற்கை.

இந்தக் கேள்வியில் குற்றமில்லை. சுட்டெரிக்கும் வெயிலில் கட்டட வேலை செய்து மிச்சம் பிடித்த திர்ஹமை அனுப்புகிறவருக்குக் கணக்குக் கேட்க முழு உரிமை உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸதகா வசூலிக்க அனுப்பிய ஒருவர் திரும்பி வந்து, “இது உங்களுக்கு உரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது” என்று பிரித்துக் காட்டினார். அண்ணலார் மிம்பரில் ஏறி, இவர் தம் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்னும் கருத்தில் கண்டித்தார்கள். பொதுப் பணத்தில் கணக்கும் நாணயமும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது போதும்.

எனவே கணக்குக் கொடுப்பது நம் கடமை. ஆனால் ஏழையின் முகம் கணக்குச் சீட்டு அன்று. நாம் செய்த பிழை கணக்குக் கொடுத்ததில் இல்லை. நம் நாணயத்தை மெய்ப்பிப்பதற்கு அந்தத் தாயின் முகத்தைச் சாட்சியாக நிறுத்தினோம். சாட்சி சொல்ல வேண்டியவர்கள் நாம். தலைகுனிந்து நின்றவரோ அவர்.

பிறர் வகுத்த நெறிகள்

சமூகப் பணி இன்று ஒரு கல்வித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. 1936ஆம் ஆண்டு பம்பாயில் சர் தொராப்ஜி டாட்டா பெயரில் தொடங்கப்பட்ட சமூகப் பணிப் பள்ளியே நம் நாட்டில் முதலாவது. அதுவே பின்னர் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் ஆயிற்று. 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் முயற்சியால் சென்னையிலும் ஒரு சமூகப் பணிப் பள்ளி தோன்றியது. நம் பிள்ளைகளும் இப்படிப்பைப் படித்துவிட்டு மருத்துவமனைகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் வேலை செய்கிறார்கள்.

இத்துறையினர் உலக அளவில் கூடித் தங்களுக்கென ஒழுக்க நெறிகளை வகுத்திருக்கிறார்கள். 2018ஆம் ஆண்டு டப்ளின் நகரில் ஏற்கப்பட்ட நெறிகளில், மனிதனின் பிறவிக் கண்ணியத்தை மதிப்பது முதலாவதாக வைக்கப்பட்டுள்ளது. தம் வாழ்வைப் பற்றித் தாமே முடிவு செய்யும் உரிமை, இரகசியம் காத்தல், தொழில்நுட்பத்தையும் சமூக வலைத்தளங்களையும் ஒழுக்கத்தோடு பயன்படுத்துதல் ஆகியவையும் தனித்தனி நெறிகளாக இடம்பெறுகின்றன.

அதற்கு முன்பே, 1994இல் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கத்தாரும் பேரிடர்த் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து பத்து விதிகளை உருவாக்கினார்கள். இனம், மதம், நாடு பாராமல் தேவையை மட்டும் பார்த்து உதவுதல், உதவியை அரசியல் அல்லது மதப் பரப்புரைக்குக் கருவியாக்காமை ஆகியவை அவற்றில் அடங்கும். பத்தாவது விதி விளம்பரத்தைப் பற்றியது. துன்பத்தில் இருப்பவர்களைக் கதியற்ற பொருள்களாகக் காட்டாமல், கண்ணியமுள்ள மனிதர்களாகவே காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் 2017ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வில், அந்தரங்கம் ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்திருக்கிறது.

ஞானம் எங்கே கிடைத்தாலும் அது முஃமினின் காணாமற்போன பொருள் என்று பெரியோர்கள் சொல்வார்கள். இந்நெறிகளைப் படித்தபோது, நம் வீட்டிலிருந்து தொலைந்த பொருளை அடுத்த வீட்டில் கண்டதுபோல் இருந்தது.

ஆழிப் பேரலை தந்த பாடம்

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிறு காலை. தமிழகக் கடற்கரையைப் பேரலை தாக்கியது. ஏறத்தாழ 8,000 உயிர்கள் மாண்டன. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேல். கடலூர் மாவட்டத்தில் பரங்கிப்பேட்டையைச் சுற்றியுள்ள மீனவக் கிராமங்களிலிருந்து மக்கள் உடுத்த துணியோடு ஊருக்குள் ஓடிவந்தார்கள். அன்று அங்கே ஒரு முஸ்லிம் வீட்டுத் திருமணத்துக்குச் சமையல் நடந்திருந்தது. அந்த விருந்துச் சோறு அப்படியே ஓடிவந்தவர்களுக்குப் பரிமாறப்பட்டது. ஊர் ஜமாஅத் தொடர்ந்து பல நாட்கள் சமைத்துப் போட்டது. தங்க இடம் கொடுத்தது. இறந்தவர்களின் உடல்களை மீட்கவும் அடக்கவும் துணைநின்றது. உண்டவர்களில் பெரும்பாலோர் இந்து மீனவச் சகோதரர்கள். எவரிடமும் பெயரோ மதமோ கேட்டுச் சோறு போடவில்லை.

நம் செஞ்சிச் சீமைக்கு இது அந்நியமான செய்தியன்று. 1714இல் தேசிங்கு ராஜன் போருக்குப் புறப்பட்டபோது அவருடைய தோழர் மகமத்கான் தம் திருமணத்தை விட்டுவிட்டு உடன் சென்றார் என்று நம் பக்கத்துக் கதைப்பாடல்கள் சொல்கின்றன. மணப்பந்தலைவிடத் தோழனின் துன்பம் பெரிது என்று கருதும் மரபில் வந்தவர்கள் நாம். அத்தஹ்ர் அத்தியாயத்தின் 8, 9ஆம் வசனங்களும், ஏழைக்கும் அநாதைக்கும் சிறைப்பட்டவருக்கும் உணவளித்துவிட்டு, பிரதிபலனையோ நன்றியையோ நாடாதவர்களைப் புகழ்கின்றன. அக்காலத்துச் சிறைக்கைதி பெரும்பாலும் எதிர்த்துப் போரிட வந்தவரே என்பதை மறந்துவிடக் கூடாது. ஜகாத்துக்குரிய எட்டுப் பிரிவினரின் சட்டம் தனி. ஸதகாவும் இடர்க்கால உதவியும் எல்லா மக்களுக்கும் உரியவை.

அதே பேரலைக் காலத்தில் இன்னொரு காட்சியும் இருந்தது. நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகப் பழைய துணிகள் நாகைக் கடற்கரைக்கு வந்து குவிந்தன. கிழிந்ததும் அழுக்கானதுமான அவற்றை மீனவ மக்கள் தொடவில்லை. உழைத்துச் சம்பாதித்து நல்ல துணி உடுத்திய மக்கள் அவர்கள். துணிகள் சாலையோரத்தில் குப்பையாகக் கிடந்தன. அனுப்பியவர்களின் எண்ணம் நல்லதாகவே இருந்திருக்கலாம், ஆனால் “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று அவர்கள் கேட்கவில்லை. ஒரே கிராமத்துக்குப் பலர் சென்றதும், சில கிராமங்களுக்கு எவருமே செல்லாததும் உண்டு. ஆகவேதான் நாகை மாவட்டத்தில் தொண்டு நிறுவனங்களை ஒருங்கிணைக்கத் தனி மையம் ஒன்று ஏற்படுத்த வேண்டியதாயிற்று.

பசித்தவர் முன் சோற்றை வைத்ததும், துயரத்தில் இருந்தவர் முன் கந்தலை வீசியதும் ஒரே கடற்கரையில், ஒரே காலத்தில் நடந்தவை.

ஒரு கேள்வியும் பதிலும்

“வெளிப்படையாகச் செய்தால்தானே பார்க்கிற மற்றவர்களுக்கும் ஆர்வம் வரும்? தர்மத்தைப் பகிரங்கமாகச் செய்யக் குர்ஆனிலேயே அனுமதி இருக்கிறதே!” என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அல்பகராவின் 271ஆம் வசனம், வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதே என்றும், மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்றும் தெரிவிக்கிறது.

ஆனால் ஊன்றிக் கவனியுங்கள். அங்கே வெளிப்படுத்த அனுமதிக்கப்படுவது கொடுப்பவரின் செயல்தான், வாங்குபவரின் வறுமையன்று. முளர் கோத்திரத்தார் வறுமைக் கோலத்தில் மதீனா வந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகம் வாடிற்று. தொழுகைக்குப் பின் மக்களைத் தர்மம் செய்யத் தூண்டினார்கள். அன்ஸாரி ஒருவர் தம் கைக்கு அடங்காத கனமான பையைச் சுமந்து வந்தார். அவரைக் கண்டு மற்றவர்களும் கொண்டுவந்து குவித்தார்கள். அண்ணலாரின் முகம் மலர்ந்தது. பிறரைத் தூண்டியது அந்த அன்ஸாரியின் பைதான்! கொடுப்பவர் விரும்பினால் தம் முகத்தைக் காட்டிக்கொள்ளட்டும். அதில் முகஸ்துதி இருக்கிறதா என்பது அவருக்கும் அவருடைய இரட்சகனுக்கும் இடையிலான விஷயம். இன்னொருவரின் முகம் அவருடைய சொத்தன்று.

“அவர்தாம் சம்மதித்தாரே!” என்றும் சொல்வார்கள். பை நம் கையில் இருக்கும்போது வாங்க வந்தவர் எப்படி மறுப்பார்? மறுத்தால் அடுத்த முறை பட்டியலில் பெயர் இருக்குமோ என்ற அச்சம் அவருக்கு இருக்காதா? மறுத்தாலும் பை கிடைக்கும் என்ற உறுதி இருந்தால்தான் அது சம்மதம்.

இனிச் செய்ய வேண்டியவை

நாம் பட்ட பாட்டிலிருந்தும், அனுபவமுள்ளவர்களிடம் கேட்டறிந்ததிலிருந்தும் சிலவற்றை வரிசைப்படுத்துகிறோம். ஊர்தோறும் ஜமாஅத்தார் தங்கள் நிலைமைக்கேற்ப இவற்றைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளலாம்.

1. பட்டியல்: உதவி பெறுவோர் பெயர்ப்பட்டியல் இரண்டு அல்லது மூன்று பொறுப்பாளர்களிடம் மட்டும் இருக்க வேண்டும். வெளியே காட்டும் ஏட்டில் எண் போதும். தேநீர்க் கடையில் அதைப் பற்றிப் பேசுவது புறம் பேசுவதில் சேரும்.

2. கணக்கு: வாங்கிய பொருள்களுக்குக் கடை ரசீது, கட்டி வைத்த பைகளின் படம், ஏட்டில் பெற்றவரின் ஒப்பம், நிர்வாகிகள் இருவரின் சான்று. இவை போதாவா? வரவு செலவின் மொத்தத் தொகையை எழுதிப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். நன்கொடையாளர் ஊருக்கு வரும்போது ஏட்டைப் புரட்டிப் பார்க்கலாம்.

3. படம்: வாங்குபவரின் முகம் வேண்டாம். யதீம் பிள்ளைகளின் முகம் ஒருபோதும் வேண்டாம். இன்று எட்டு வயதில் கைநீட்டி நிற்கும் படம் அந்தப் பிள்ளையின் திருமணப் பேச்சுவரை தொடர்ந்து வரும்.

4. கேட்டுக் கொடுத்தல்: தையல் தெரியாதவருக்குத் தையல் இயந்திரம் கொடுத்தால் அது அடுத்த மாதம் விலைக்குப் போகும். ஒருவருக்கு அரிசியைவிட மருந்துச் செலவு முக்கியமாக இருக்கலாம். இன்னொருவருக்கு மகளின் கல்லூரிக் கட்டணம். அவர் தேவையை அவரே அறிவார். ஜகாத்தில் பொருளை அவருக்கே உடைமையாக்கிவிட வேண்டும் என்று ஹனஃபி மத்ஹபின் சட்டம் சொல்வதும் இங்கே நினைவுகூரத்தக்கது.

5. கொடுக்கும் இடம்: முற்றத்தில் வரிசை வேண்டாம். மளிகைக் கடையில் சீட்டைக் காட்டி, மற்றவர்கள் வாங்குவதுபோல் வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். வங்கிக் கணக்கு உள்ளவருக்கு அதிலேயே போடலாம். வீட்டுக்குக் கொண்டுசென்றால் இருட்டிய பின் செல்லலாம்.

6. பெண்களிடம் பெண்கள்: விதவையர், தனித்து வாழும் பெண்கள் ஆகியோரின் நிலையை விசாரிக்க மார்க்கப் பற்றும் பக்குவமும் உள்ள பெண்களையே அனுப்ப வேண்டும். ஆண் ஊழியர் தனியே செல்வது மார்க்கத்துக்கும் புறம்பு. அப்பெண்ணின் நற்பெயருக்கும் கேடு.

7. அரசு உதவி: ஆதரவற்ற விதவை ஓய்வூதியம், முதியோர் ஓய்வூதியம், மாவட்டந்தோறும் அமைக்கப்பட்ட முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் போன்றவற்றைப் பெற்றுத்தர மனு எழுதிக் கொடுப்பதும் பெரிய ஊழியம். அது குடிமக்களின் உரிமை. எவருடைய தயவும் அன்று. ஒரு மாதத்துக்கு மளிகை கொடுப்பதைவிட மாதாமாதம் வரும் ஓய்வூதியத்துக்கு வழிசெய்வது அவரை நம் வாசலுக்கு வராமலே நிமிர்ந்து நிற்கச் செய்யும்.

8. சட்டம்: வெளிநாட்டில் வேலை செய்யும் இந்தியக் குடிமகன் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. ஆனால் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவரோ அந்நாட்டு நிறுவனமோ தரும் பணத்தை, 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இன்றி ஓர் அமைப்பு பெறக்கூடாது. 2020இல் வந்த திருத்தம், அப்பணத்தைப் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில்தான் முதலில் பெற வேண்டும் என்றும், வேறு அமைப்புக்கு மாற்றித் தரக்கூடாது என்றும், நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றும் விதித்திருக்கிறது. நல்ல எண்ணம் இருந்தால் போதும் என்று எவரும் அலட்சியமாக இருந்துவிட வேண்டாம்.

9. ஊழியரின் உள்ளம்: உதவி பெற்றவர் தெருவில் நம்மைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும், நம் சொல்லுக்குத் தலையாட்ட வேண்டும், தேர்தலில் நாம் சொல்கிறவருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மனத்தில் எழுந்தால், உடனே தவ்பாச் செய்துகொள்ள வேண்டும்.

முடிவாக

அந்தத் தாய் நம்மை மன்னித்துவிட்டதாகவே சொன்னார். ஆனால் அந்தப் பெண் பிள்ளை மீண்டும் மக்தபுக்கு வரவில்லை. வேறோர் உஸ்தாத் அம்மாவிடம் வீட்டிலேயே ஓதிக்கொண்டாள் என்று கேள்விப்பட்டோம். வளைகுடா இளைஞர்களிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். அவர்கள் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் ஒருவர், “எங்க அம்மாவும் ஒரு காலத்துல இப்படி வாங்கினவங்கதான் ஹஜ்ரத்” என்றார். அதன்பிறகு அவர்கள் படம் கேட்கவில்லை. ரசீது மட்டும் கேட்கிறார்கள். பணமும் குறையவில்லை.

அன்பர்களே! ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் இம்மையிலும் மறுமையிலும் மறைப்பான் என்ற கருத்தில் நபிமொழி வந்திருக்கிறது. நாம் அனைவரும் நம் குறைகள் மறைக்கப்பட வேண்டுமென்ற ஆசையோடு மறுமையை நோக்கிச் செல்பவர்கள். அங்கே நாமும் வெறுங்கையோடு, தலைகுனிந்து, கைநீட்டித்தான் நிற்கப் போகிறோம். அந்நேரம் நம்மை எப்படி நடத்த வேண்டுமென்று நாம் ஆசைப்படுகிறோமோ, அப்படி இங்கே கைநீட்டுகிறவரை நடத்துவோமாக!

கொடுக்கும் பொருளிலும், வாங்குபவரின் மானத்திலும் அமானிதம் பேணும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.